காவல் நிற்கும் கிருமிகள்

புணே நகரத்தின் வடபுறத்தில், ஆளந்திக்குப் போகும் சாலையில் அமைந்த விஷ்ராந்த்வாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை கோழிக் கடைகளின் முன் கூடும் ஜனங்களைப் பார்த்தால், கண்ணெதிரே அறுத்துத் துண்டு போடுவதையே அவர்கள் சுத்தத்துக்கு அத்தாட்சியாகக் கொள்வது விளங்கும். ஆனால் இத்தகைய பேட்டைகளில் இப்போது குளிர்ப்பெட்டியில் வைத்த சாஸேஜும் சலாமியும் சகஜமாக விற்கின்றன. கடைக் கோழி இரண்டொரு மணி நேரத்தில் அடுப்பேறிக் கொதிக்கிறது. இந்தப் பண்டங்களோ வாரக்கணக்கில் குளிரில் கிடந்து, பல வீடுகளில் மறுபடி நெருப்பையே காணாமல் தட்டுக்கு வருகின்றன. என்னைக் கவலைகொள்ள வைப்பது இவைதான்.

லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்னும் கிருமியை, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிசாலை முயல்கள் மடிந்த சந்தர்ப்பத்தில் விஞ்ஞானிகள் கண்டறிந்து 1926-ல் விவரித்தார்கள். மற்றக் கிருமிகள் பலவும் ஒடுங்கிக் கிடக்கும் 4 டிகிரிக் குளிரிலும் நிதானமாகப் பெருகுவது அதன் விசேஷ குணம். ஆலையில் சாஸேஜை வேகவைக்கும் சூட்டில் அது மடிவது உண்மையே. ஆனால் வெந்த பண்டத்தைச் சீவும் கத்தியிலும் தரையின் வடிகாலிலும் குடியிருந்து, உறை மூடுவதற்குள் மறுபடி வந்து ஒட்டிக்கொள்கிறது. கர்ப்பிணிகளுக்கு அது இழைக்கும் கேடு கொடியது: தாய்க்கு லேசான காய்ச்சலாகத் தோன்றி, கருவிலுள்ள சிசுவையே அழித்துவிடக் கூடும். தென்னாப்பிரிக்காவில் 2017, 2018 ஆண்டுகளில் போலோனி என்னும் மலிவான சாஸேஜின் வாயிலாகப் பரவி, 1,000-க்கு மேற்பட்டவர்களைப் பீடித்து, 200-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று; நோயுற்றவர்களில் பச்சிளங் குழந்தைகள் மிகப் பலர்.

இச்சத்துருவை அடக்க, நமக்கு வெகுகாலமாகப் பரிச்சயமான ஒரு குலத்தையே விஞ்ஞானிகள் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். பாலைத் தயிராக்குவதும் இட்லி மாவைப் பொங்கவைப்பதுமான லாக்டிக் அமில பாக்டீரியாக்களில், குளிரிலும் வளரக்கூடிய சகேய் என்னும் இனம் போன்றவற்றைத் தேர்ந்து, வெந்த இறைச்சியின்மேல் உறை மூடுமுன் தெளித்தால், அவை சத்தை முந்தி உண்டு, இடத்தை அடைத்துக்கொண்டு, சிறிது அமிலத்தையும் பாக்டீரியோசின் என்னும் புரதங்களையும் சுரக்கின்றன. இவ்வகைப் புரதங்களில் ஒன்றான பீடியோசின் லிஸ்டீரியாவின் மெல்லிய சவ்வில் துளையிட, உள்ளிருப்பது கசிந்து அக்கிருமி மடிகிறது. நம் செரிமானச் சாறோ அதை மற்றப் புரதங்களைப் போலவே சிதைத்துவிடுகிறது. இவ்வகுப்பில் மூத்ததான நைசினின் செயல் 1928-லேயே பாலில் தென்பட்டது. பாலாடைக்கட்டியில் பேர்பெற்ற அது, இறைச்சியில் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு வலுவிழக்கிறது. ஆகவே சுரந்ததைப் பிரித்தெடுத்துத் தடவுவதைக் காட்டிலும், சுரக்கும் ஜீவனையே அங்கே குடியேற்றுவது உசிதமென்று எனக்குத் தோன்றுகிறது. அதிலும் ஜாக்கிரதை வேண்டும். இதே குலத்தில் இறைச்சியைப் புளிக்கவைத்து வழவழப்பாக்கிக் கெடுக்கும் இனங்களும் உண்டு.

ஆனால் இறைச்சி வழியே நோய் பரப்பும் வேறு கிருமிகளான சால்மோனெல்லாவுக்கும் ஈ. கோலைக்கும் புறத்தே இன்னொரு சவ்வு அரணாக இருப்பதால், இந்தப் புரதங்கள் அவற்றினுள் எளிதில் புகுவதில்லை. அங்கே காவலை அறுப்பு மனைக்கு முன்பே, கோழிக் குஞ்சின் குடலிலேயே தொடங்க வேண்டும். பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சு தாயின் ஸ்பரிசத்தை அறியாதது. அதன் குடலில் முதலில் வரும் கிருமி சுலபமாக வேரூன்றிவிடும். பின்லாந்தின் நுர்மியும் ரண்டாலாவும், வளர்ந்த கோழியின் குடலிலுள்ள நற்கிருமிகளைக் குஞ்சுகளுக்குப் புகட்டினால் சால்மோனெல்லாவுக்கு இடமில்லாமற் போகிறதென்று 1973-ல் வெளியிட்டார்கள். கோழி வளர்ப்பு பெருந்தொழிலாகத் தழைத்திருக்கும் புணே வட்டாரத்துக்கும் நம் பல்லடத்துக்கும் இதைவிடப் பிரயோஜனமான பாடம் வேறில்லை.

விஷ்ராந்த்வாடிக்கு நகரின் மறுகோடியில், பாஷாணில், 1950-ல் திறந்த தேசிய ரசாயன ஆராய்ச்சிசாலை தொழிலுக்குதவும் நுண்ணுயிர்களின் பெருந்தொகுதி ஒன்றைப் பேணி வருகிறது. ஹைதராபாத்தில் இறைச்சிக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மைசூரின் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பாக்டீரியோசின்களை ஆராய்ந்திருக்கிறது. நம் மாவிலும் தயிரிலும் ஊறுகாயிலும் வாழும் இனங்களுள் குளிரிறைச்சிக்கு உகந்தவற்றைத் தேர்ந்து சிறு ஆலைகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்க இந்த ஸ்தாபனங்கள் ஒன்றுகூட வேண்டும். அறுப்பு மனையின் அழுக்கையும், வண்டியில் அறுபட்ட குளிரையும் எந்த நற்கிருமியாலும் ஈடுசெய்ய முடியாது. சீவும் கத்தியை அன்றாடம் கழற்றிக் கழுவுகிற ஆலைக்கே முதலில் இக்காவலைக் கொடுக்க வேண்டும்.