மலையிலிருந்து தேடுபவர் கவனத்துக்கு

‘ஜவ்வாது’ என்று மட்டும் கூகுளில் அடித்தால் பெரும்பாலும் வாசனைப் பொடி விற்பவர்கள்தான் முன்னால் வருவார்கள். ‘ஜவ்வாது மலை’ என்று அடித்தால் பீமன் அருவி, காவலூர் வானாய்வகம், கோடை விழா, தங்கும் விடுதிகள். ஜமுனாமரத்தூரிலோ புதூர்நாட்டிலோ பீஞ்சமந்தையிலோ இருந்துகொண்டு தேடுகிறவருக்கு இவற்றால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது வன உரிமைப் பட்டா விவரம், சாமைக்கு இன்றைய விலை, பிள்ளையின் சாதிச் சான்றிதழ், திடீரென நின்றுபோன உதவித்தொகை. தேடுபொறி அவரை அறியாது. அதே சொல்லை இதுவரை தேடியவர்களில் அதிகம் பேர் எதைத் தொட்டார்கள் என்பதை வைத்து ஊகிக்கிறது. அந்த அதிகம் பேர் சமவெளியிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்.

இணையத்தில் தேடுகிறவரின் நோக்கத்தை ஆண்ட்ரே பிராடர் என்ற கணினி அறிஞர் 2002-இல் மூன்றாகப் பிரித்தார்: ஒன்றைத் தெரிந்துகொள்ள, குறிப்பிட்ட ஒரு தளத்துக்குப் போய்ச் சேர, ஏதாவது ஒரு காரியத்தை முடிக்க. இன்றைய தேடுபொறிகள் இதைவிட நுட்பமாக ஊகிக்கின்றன. நாம் இருக்கும் இடம், முன்பு தேடியவை, மொழி எல்லாம் கணக்கில் சேர்கின்றன. ஆனாலும் ஊகம் ஊகம்தான். சிறுபான்மையான தேவை உள்ளவரிடம்தான் அது அதிகம் தவறுகிறது.

சாதிச் சான்றிதழையே பாருங்கள். யார் தருவார் என்று தேடினால் ‘வட்டாட்சியர்’ என்ற பொதுவான பதில் வரக்கூடும். பட்டியல் சாதியினருக்கு அது சரி. பழங்குடியினருக்கோ தமிழ்நாட்டில் 1989 முதல் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். இம்மலையின் பழங்குடியினர் அரசுப் பட்டியலில் ‘மலையாளி’. அந்தச் சொல்லைத் தேடினால் கேரளத்தார் வந்து நிற்பார்கள். மாவட்டத்திலும் குழப்பம் உண்டு. 2019-இல் வேலூர் பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகும் பழைய பக்கங்கள் பல வேலூர் என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. எனவே ஒற்றைச் சொல்லில் தேடாதீர்கள். ‘மலையாளி பழங்குடி சாதிச் சான்றிதழ் திருப்பத்தூர் மாவட்டம்’ என்று நீளமாக, உங்கள் நிலைமையையும் சேர்த்துக் கேளுங்கள். பேசித் தேடும் வசதி இருப்பதால் எழுத்து தெரியாத பெரியவர்களாலும் இது முடியும்.

தவறான பதிலால் ஒரு நாள் பஸ் செலவும் கூலியும் போகும். நம் தேவையைச் சரியாகவே ஊகித்து அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்பவனால் கணக்கில் உள்ள மொத்தப் பணமும் போகும். ‘பேங்க் கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடுகிறவர் பதற்றத்தில் இருக்கிறார். பணம் எங்கோ சிக்கியிருக்கிறது. வரும் முதல் எண்ணையே அழைப்பார். மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கூகுள் வரைபடத்தில் வங்கிக் கிளைகளுக்கு நேரே தங்கள் எண்ணைப் போட்டு ஏமாற்றியது 2018-இலேயே மகாராஷ்டிரத்தில் அம்பலமானது. காசு கொடுத்து மேலே ஏறும் விளம்பரங்களும் பார்வைக்குப் பதில்களைப் போலவே இருக்கும். விளம்பரம் என்பதைக் காட்டும் சின்ன எழுத்துதான் வேறுபாடு. வங்கி எண்ணைத் தேடி எடுக்கவே வேண்டாம். பாஸ்புக்கிலும் ஏ.டி.எம். அட்டையின் பின்புறமும் அச்சாகியிருக்கிறது.

தேவை அறிந்து வரும் தரகர்கள் இந்த மலைக்குப் புதியவர்கள் அல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். கூலி வேலைக்கென்று கிளம்பிப் போனார்கள் என்றே குடும்பத்தினர் பலர் அன்று சொன்னார்கள். அப்படிக் கிளம்ப வைத்த வறுமையை நினைக்காமல் இன்றைய ‘உடனடி வேலை’, ‘உடனடிக் கடன்’ தேடல்களைப் பற்றிப் பேச என்னால் முடியவில்லை. வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். கடன் ஆப் எதுவானாலும் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் 2025 ஜூலை முதல் உள்ள பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் ஆப் எடுக்கக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால் அது விதிமீறல், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தேடியவை நம்மைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும். அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் 2006-இல் சுமார் 6,50,000 பேரின் தேடல்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. தேடிய சொற்களை மட்டும் வைத்தே பத்திரிகையாளர்கள் ஒரு பெண்மணியின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே போனை வீடே பயன்படுத்தும் இடத்தில் நோய், கர்ப்பம், கடன் பற்றிய தேடல்களை மற்றவர் பார்ப்பதும் சின்ன விஷயமல்ல. கூகுள் கணக்கில் ‘எனது செயல்பாடு’ என்ற பகுதிக்குப் போனால் அவற்றை அழிக்கலாம்; தானாக அழியும்படியும் வைக்கலாம். நம் தரவைத் திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள் அவகாசம் தரப்பட்டுள்ளது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். மோசடிக்காரர் எடுப்பதற்குள் சொன்னால் பணத்தை இடையில் முடக்க வாய்ப்பு உண்டு. சிக்னல் இல்லாத ஊரென்றால் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ அந்த நேரமே போங்கள். வங்கிக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, ஓ.டி.பி.யை நாமே சொல்லி ஏமாந்திருந்தால்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

வழக்கு, வக்கீல் என்றால் செலவாகுமே என்று பயப்படவும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100. 1930, 15100 என்ற இந்த இரண்டு எண்களையும் இன்றே வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். அவசரத்தில் தேடுபொறியிடம் போய்க் கேட்கும் நிலை வேண்டாம்.