ஆட்சி கவிழுமா, நிற்குமா? பிரேக்கிங் நியூஸ் குழப்பத்தில் எதைக் கவனித்தால் போதும்?

"ஆட்சி கவிழப் போகுதாம்", "கூட்டணி உடையுமாம்"... காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. அம்பத்தூர் மேனாம்பேடு டீக்கடை டிவியிலும், கையில் இருக்கும் மொபைலிலும் இதே பேச்சுதான். 'அடுத்து என்ன ஆகுமோ' என்ற பதற்றம் வருவது இயல்பு. ஆனால் இதைவிடப் பெரிய குழப்பங்களையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது.

2017-ல் என்ன நடந்தது?

பிப்ரவரி 5-ல் ஓ.பன்னீர்செல்வம் ராஜினாமா. 7-ல் ஜெயலலிதா நினைவிடத்தில் தியானம். அடுத்து கூவத்தூர் விடுதி. மணிக்கு ஒரு பிரேக்கிங் நியூஸ். ஆனால், முடிவு செய்தது மூன்றே விஷயங்கள்தான்: 14-ம் தேதி சசிகலா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 16-ம் தேதி எடப்பாடி பழனிசாமி பதவியேற்பு, 18-ம் தேதி பேரவையில் 122-11 என முடிந்த நம்பிக்கை வாக்கெடுப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

1976, 1980, 1988, 1991 என நான்கு முறை தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டது. 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில், பெரும்பான்மையைப் பேரவையில்தான் சோதிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதன்பிறகு இங்கே எந்த ஆட்சியும் கலைக்கப்படவில்லை.

மக்களுக்கு இழப்பே இல்லையா?

இருக்கிறது. 2017 செப்டம்பர் 18-ல் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் பூந்தமல்லி எம்.எல்.ஏ.வும் ஒருவர். அந்தத் தொகுதி சுமார் 20 மாதம் எம்.எல்.ஏ. இல்லாமலே இருந்தது. மேனாம்பேட்டையும் சேர்த்து சென்னை மாநகராட்சி முழுவதும், 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை கவுன்சிலரே கிடையாது. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என எதற்கும் அதிகாரிகளிடம்தான் போக வேண்டும்.

அப்புறம் நம்பிக்கை எங்கே?

தாமதமானாலும், முடிவு மறுபடி வாக்காளர் கைக்கே வந்தது. 2019-ல் பூந்தமல்லியில் இடைத்தேர்தல் நடந்தது, அ.தி.மு.க. வைத்திருந்த தொகுதியை மக்கள் தி.மு.க.வுக்குக் கொடுத்தார்கள். 2022 பிப்ரவரி 19-ல் சென்னையின் 200 வார்டுகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தது.

செய்தி வந்ததும் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. இது நடந்துவிட்டதா, இல்லை 'நடக்கலாம்' என்ற பேச்சா?
2. முடிவு எடுப்பது யார்? நீதிமன்றமா, ஆளுநரா, பேரவையா, தேர்தல் ஆணையமா? எந்தத் தேதியில்?
3. இதில் நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

முதல் இரண்டுக்கும் பதில் இல்லாத செய்தி என்றால், அன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூன்றாவதற்கு எப்போதும் ஒரு பதில் உண்டு. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6, முகவரி மாறியிருந்தால் படிவம் 8. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 இருக்கிறது; கோட்டையில் யார் இருந்தாலும் அந்தப் புகாரைக் கொடுக்கலாம்.