எந்திரம் சொல்வதைக் கேளுங்கள்

மாட்டு வண்டி ஓட்டுபவர் காலையில் என்ன செய்வார்? முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். பிறகு வண்டியை ஒரு முறை சுற்றி வருவார். அச்சுக்கு மசகு போடுவார். கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். அதன் பிறகே வண்டியைப் பூட்டுவார்.

ஏன் இத்தனை கவனம்? நடுவழியில் கடையாணி கழன்றால் சக்கரம் தனியே ஓடிவிடும். வண்டி குடைசாயும். பாரம் சிதறும். மாட்டுக்கும் அடிபடும், ஆளுக்கும் அடிபடும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான்.

ஆலையில் ஓடும் பெரிய எந்திரத்துக்கும் இதே கவனம் வேண்டும். நூற்பாலை, சர்க்கரை ஆலை, சிமெண்டு ஆலை, இரும்பு ஆலை, இரசாயன ஆலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இந்தக் கவனத்துக்குப் பராமரிப்பு என்று பெயர்.

எந்திரம் ஏன் பழுதாகிறது?

எந்திரம் திடீரென்று நின்றுவிட்டது என்பார்கள். ஆனால் பெரும்பாலும் அது திடீரென்று நிற்பதில்லை. பல நாளாகச் சிறிது சிறிதாகக் கெடுகிறது. ஒரு நாள் நிற்கிறது.

கெடுவதற்குக் காரணங்கள் பல. தூசியும் அழுக்கும் உள்ளே போகும். எண்ணெய் வற்றும். நட்டும் போல்ட்டும் தளரும். பெல்ட்டு அளவுக்கு மேல் இறுகும், அல்லது தொய்யும். மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் விலகும். தண்ணீரும் காற்றும் பட்டு இரும்பு துருப்பிடிக்கும்.

இவை எல்லாம் சிறிய குறைகள். கண்டவுடன் சரி செய்தால் சில நிமிட வேலை. விட்டுவிட்டால் பெரிய செலவு. சில சமயம் உயிரே போகும்.

மூன்று வழிகள்

பராமரிப்பில் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கெட்ட பிறகு சரி செய்வது. இது சுலபமாகத் தோன்றும். ஆனால் எந்திரம் எப்போது கெடும் என்று யாருக்கும் தெரியாது. கெடும்போது உதிரிப் பாகம் கையில் இருக்காது. உற்பத்தி நிற்கும். அவசரத்தில் பழுது பார்க்கும்போது விபத்தும் நேரும்.

இரண்டாம் வழி, காலம் குறித்துப் பார்ப்பது. இத்தனை நாளுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற வேண்டும், இத்தனை மணி நேரம் ஓடிய பிறகு பெல்ட்டு மாற்ற வேண்டும் என்று முன்பே அட்டவணை எழுதி வைப்பார்கள். குழந்தைக்கு மாதம் பார்த்துத் தடுப்பூசி போடுவது போன்றது இது.

மூன்றாம் வழி, எந்திரத்தின் நிலையை அறிந்து செய்வது. சூடு எவ்வளவு, அதிர்வு எவ்வளவு, எண்ணெயில் இரும்புத் தூள் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். நோயாளியின் நாடி பார்த்து மருந்து கொடுப்பது போன்றது இது.

நல்ல ஆலைகளில் இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் சேர்ந்தே நடக்கும். எளிதில் மாற்றக்கூடிய சிறு பொருள்களுக்கு மட்டும் முதல் வழி போதும். விளக்கு பல்பு எரியாமல் போன பிறகு மாற்றினால் கெடுதல் இல்லை. கொதிகலனின் பாதுகாப்பு வால்வை அப்படி விட முடியாது.

எந்திரம் பேசுமா?

பேசும். வாய் இல்லாமல் பேசும். பேரிங் கெடத் தொடங்கினால் புதிய சத்தம் வரும். அனுபவம் உள்ள பிட்டர் திருப்புளியின் முனையைப் பேரிங் கூட்டின் மேல் வைப்பார். அதன் பிடியைக் காதருகே வைத்துக் கேட்பார். சீரான சத்தம் வந்தால் நல்லது. கரகரவென்று வந்தால் பேரிங் கெடுகிறது என்று பொருள்.

எண்ணெய் குறைந்தால் சூடு ஏறும். போல்ட்டு தளர்ந்தால் அதிர்வு கூடும். மோட்டாரின் கம்பிச் சுருள் கருகினால் நாற்றம் வரும். வால்வு கசிந்தால் தரையில் ஈரம் தெரியும்.

இவற்றை முதலில் அறிபவர் யார்? எட்டு மணி நேரம் எந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிதான். அவருடைய கண்ணும் காதும் மூக்கும் பராமரிப்பின் முதல் கருவிகள்.

ஒன்றை மறக்கக் கூடாது. கிரீஸ் குறைந்தாலும் கெடுதல், அளவுக்கு மேல் திணித்தாலும் கெடுதல். கூடுதல் கிரீஸ் பேரிங்கைச் சூடாக்கும். அளவு அட்டவணையில் இருக்கும். அதன்படிதான் போட வேண்டும்.

ஏன் என்று கேட்க வேண்டும்

ஓர் ஆலையில் பம்பு ஓட்டும் மோட்டார் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புது மோட்டார் பூட்டினார்கள். சில மாதத்தில் அதுவும் எரிந்தது. மோட்டார் கம்பெனியைக் குறை சொன்னார்கள்.

ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார். மோட்டார் ஏன் எரிந்தது? பம்பின் தண்டு இறுகிவிட்டது. தண்டு ஏன் இறுகியது? பேரிங்கில் கிரீஸ் இல்லை. கிரீஸ் ஏன் இல்லை? கிரீஸ் போகும் துளையைத் தூசி அடைத்துவிட்டது. தூசி எப்படி வந்தது? துளையின் மூடி என்றோ உடைந்துபோனது. யாரும் வேறு மூடி போடவில்லை.

ஒரு சிறு மூடிக்காக இரண்டு மோட்டார்கள் போயின. மூடியைப் போடாமல் மூன்றாவது மோட்டார் வாங்கினால் அதுவும் எரியும். பழுதைச் சரி செய்தால் மட்டும் போதாது. பழுதின் வேரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

போபாலில் நடந்தது

மத்தியப் பிரதேசத்தின் தலைநகர் போபால். அங்கே யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிமருந்து ஆலை இருந்தது. மீதைல் ஐசோசயனேட் என்ற கொடிய நச்சுப் பொருளை அங்கே தொட்டிகளில் வைத்திருந்தார்கள். அதைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். தண்ணீர் அதில் கலக்கவே கூடாது. கலந்தால் கொதித்துப் பொங்கும்.

1981 டிசம்பரிலேயே இந்த ஆலையில் ஒரு விபத்து நடந்தது. பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். அது ஓர் எச்சரிக்கை.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு. 610 என்ற எண் கொண்ட தொட்டியில் தண்ணீர் புகுந்தது. தொட்டியில் சுமார் 40 டன் நச்சுப் பொருள் இருந்தது. அது சூடாகிக் கொதித்தது. நள்ளிரவில் நச்சு வாயு வெளியேறி, உறங்கிக்கொண்டிருந்த ஊரின் மேல் பரவியது.

ஆலையில் காவல் கருவிகள் இல்லையா? இருந்தன. ஆனால் அவை எந்த நிலையில் இருந்தன?

தொட்டியைக் குளிர வைக்கும் கருவி சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைச் சோடாக் கரைசலில் கழுவும் கோபுரம் உடனே வேலை செய்யும் நிலையில் இல்லை. வாயுவை எரித்துவிடும் கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு கழற்றப்பட்டிருந்தது. அரித்துப்போன குழாயை மாற்றுவதற்காகக் கழற்றியிருந்தார்கள். மாற்றி முடிக்கவில்லை. தண்ணீர் பீய்ச்சினார்கள். வாயு வெளியேறிய உயரத்தை அது எட்டவில்லை. பராமரிப்பு ஆட்களையும் முன்பே குறைத்துவிட்டார்கள். அழுத்தம் ஏறுவதை மானி காட்டியது. ஆனால் அந்த ஆலையில் மானிகள் அடிக்கடி தவறாகக் காட்டும். அதனால் முதலில் யாரும் அதை நம்பவில்லை.

தண்ணீர் எப்படிப் புகுந்தது? குழாய் கழுவியபோது அடைப்புத் தகடு வைக்காததால் புகுந்தது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். யாரோ வேண்டுமென்றே விட்டார்கள் என்று நிறுவனம் சொன்னது. எப்படிப் புகுந்திருந்தாலும், காவல் கருவிகள் வேலை செய்யும் நிலையில் இருந்திருந்தால் இத்தனை பெரிய கேடு வந்திருக்காது.

மாநில அரசு உறுதி செய்த சாவு எண்ணிக்கை 3,787. உண்மை எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்று பாதிக்கப்பட்டோர் சொல்கிறார்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உடல்நலம் கெட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆலைக்குள் வேலை செய்தவர்கள் அல்லர். சுற்றிலும் குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள்.

நின்ற எந்திரத்துக்கும் காவல் வேண்டும்

2020 மே 7-ஆம் தேதி விடியற்காலை. ஆந்திரப் பிரதேசத்தில் விசாகப்பட்டினம் அருகே ஒரு பிளாஸ்டிக் ஆலையில் ஸ்டைரீன் என்ற பொருளின் ஆவி வெளியேறியது. 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கினால் அந்த ஆலை பல வாரங்களாக ஓடவில்லை.

ஆனால் தொட்டியில் ஸ்டைரீன் இருந்தது. அது சூடாகாமல் பார்க்க வேண்டும். அது கெட்டியாவதைத் தடுக்கும் மருந்தையும் கலந்துவர வேண்டும். இந்த மருந்து போதிய அளவு இல்லை. வெப்பமானி தொட்டியின் அடிப்பக்கத்தில்தான் இருந்தது. மேலே ஏறிய சூடு அதில் தெரியவில்லை. ஆலை நின்றுவிட்டது என்பதற்காகப் பராமரிப்பை நிறுத்தக் கூடாது என்பதை இந்த விபத்து காட்டியது.

கை வைக்கும் முன்

பழுது பார்க்கும் நேரமே ஆபத்தான நேரம். எந்திரத்துக்குள் ஒருவர் கை இருக்கும்போது, தெரியாமல் இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிடுவார். இதைத் தடுக்க எளிய முறை உண்டு.

1. எந்திரத்தை நிறுத்த வேண்டும்.
2. மின்சாரத்தை முழுவதும் துண்டிக்க வேண்டும்.
3. சுவிட்சுப் பெட்டியைப் பூட்ட வேண்டும். சாவி பழுது பார்ப்பவரிடமே இருக்க வேண்டும். பலர் வேலை செய்தால் ஒவ்வொருவரும் தம் பூட்டைப் போட வேண்டும்.
4. "ஆள் வேலை செய்கிறார், சுவிட்சு போடாதே" என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும்.
5. மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்க்க வேண்டும். குழாயாக இருந்தால் அழுத்தத்தை இறக்கி, அடைப்புத் தகடு வைக்க வேண்டும்.
6. வேலை முடிந்தபின் கழற்றிய காப்பு வலையை மீண்டும் பூட்ட வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளி ஒரு நாள் வேலைக்கு வந்தாலும் இந்த முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உயிர் எல்லாருக்கும் ஒன்றுதான்.

எழுத்து தரும் பலம்

பகலில் வேலை செய்தவர் கண்ட குறை இரவில் வருபவருக்குத் தெரிய வேண்டும். வாயால் சொன்னால் மறந்துபோகும். குறிப்பேட்டில் எழுதினால் நிற்கும். "இன்று மாலை 4 மணி. 2-ஆம் எண் பம்பில் சூடு அதிகம்." இவ்வளவு எழுதினால் போதும். எழுதியவரின் பெயரும் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை அட்டையைப் படிக்கத் தெரிந்தவர் தம் உயிரையும் பிறர் உயிரையும் காக்கிறார். புதிதாக எழுத்துக் கற்றவருக்கு ஆலையில் இதைவிடப் பெரிய பயன் வேறு உண்டா?

குறையைச் சொல்ல உரிமையும் உண்டு. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. வேலையில் உள்ள ஆபத்துகளை அறியவும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் எச்சரிக்கவும் தொழிலாளிக்கு உரிமை கிடைத்தது. எச்சரித்தால் நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது.

வங்காளத்திலும் பீகாரிலும் ஒடிசாவிலும் செப்டம்பரில் விசுவகர்மா பூசை நடக்கும். தமிழ்நாட்டில் ஆயுத பூசை நடக்கும். அன்று எந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். எந்திரம் பளபளவென்று இருக்கும். அந்த ஒரு நாள் கவனம் மீதி 364 நாளும் இருந்தால் எந்திரம் நன்றாக ஓடும். வேலைக்குப் போனவர் மாலையில் நலமாக வீடு திரும்புவார்.