மரத்தினுள் ஒரு மறைந்த வாழ்வு

அந்துப்பூச்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன விளக்கைச் சுற்றும் விட்டில்களும், அரிசிப் பானையில் பறக்கும் அந்துகளுமே. ஆனால் ஒரு சிட்டுக்குருவியின் எடையுள்ள அந்துப்பூச்சியும் உலகில் உண்டு! ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் வாழும் 'எண்டோக்சைலா சினிரியஸ்' என்பதே அது. 'எண்டோ' என்றால் உள்ளே, 'சைலான்' என்றால் மரம். இவை கிரேக்கச் சொற்கள். 'சினிரியஸ்' என்பது சாம்பல் நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். இருப்பிடமும் நிறமும் பெயரிலேயே அடங்கிவிட்டன.

பெண்பூச்சி 30 கிராம் வரை எடையுள்ளது. இறகுகளை விரித்தால் சுமார் 23 செ.மீ., அதாவது ஒரு சாண் இருக்கும். ஆண்பூச்சி ஏறத்தாழ அதில் பாதி. பெண்பூச்சி 20,000 முட்டைகள் வரை இடுகிறது. பொரித்த இளம்புழுக்கள் பட்டு நூலில் தொங்கியபடி தரைக்கு இறங்குகின்றன. பின்னர் நாம் தைலமரம் என்றழைக்கும் யூகலிப்டஸ் மரங்களின் அடிமரத்தைத் துளைத்து உள்ளே புகுந்துவிடுகின்றன. வாழ்க்கைச் சுழற்சி நிறைவுற மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம்.

மரத்தினுள்ளும் முழுப் பாதுகாப்பு இல்லை. மஞ்சள் வாலுடைய கரிய கொண்டைக்கிளிகள் தம் வலிய அலகால் மரத்தைப் பிளந்து புழுவைத் தின்றுவிடும். இவ்வாறு துளைபட்டும் பிளவுபட்டும் நலிந்த மரங்கள் காற்றில் முறிவதும் உண்டு. எனவே மரம் வளர்ப்போருக்கு இப்புழு ஒரு பகைவனே.

இனி வியப்புக்குரிய செய்திக்கு வருவோம். முதிர்ந்த பூச்சிக்கு உண்ணத்தக்க வாயுறுப்புகள் இல்லை. அது மரத்தைக் கடித்து வெளியேறவும் முடியாது. ஆகவே புழுவே கூட்டுப்புழுவாக மாறுமுன் வெளியேறும் வழியை அமைத்துவிடுகிறது. கூட்டுப்புழு தன் வயிற்றிலுள்ள முட்களை ஊன்றி நகர்ந்து துளையின் வாயிலுக்கு வருகிறது. கூடு வெடித்துப் பூச்சி பறந்தபின், வெற்றுக்கூடு மட்டும் அங்கே நீட்டிக்கொண்டு நிற்கும். புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பே பூச்சிக்கு உணவு. அதைக்கொண்டு சில நாட்களே வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு மடிகிறது.

"புழுப்பருவம் உண்ணும் பருவம்" என்று ஒரே வரியில் படித்துத் தேர்வெழுதிவிடுகிறோம். ஆனால் பறக்கும் அந்தச் சில நாட்களுக்கு வேண்டியதெல்லாம் இருளில் கழிந்த ஆண்டுகளில் சேர்த்ததே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் பெறும் நாளில் கைத்தட்டல் எனக்குக் கிடைக்கலாம். அதற்காக வயலில் கழிந்த ஆண்டுகளோ என் பெற்றோருடையவை. இறகைக் கண்டு வியப்போர் புழுவையும் எண்ணிப் பார்த்தல் நன்று.