எல்லைக்கோடு அறியாத சிறகுகள்

மாயாற்றுப் பள்ளத்தாக்கிலே ஒரு பாறு கழுகு சிறகு விரிக்கிறது. காலையில் தமிழகத்து முதுமலை. நண்பகலில் கருநாடகத்துப் பந்திப்பூர். மாலையில் கேரளத்து வயநாடு! தடுத்து நிறுத்திச் சீட்டுக் கேட்பார் உண்டோ? இல்லை! எல்லையெல்லாம் நமக்கும் நம் கோப்புகளுக்குந்தான்!

பிணந்தின்னிப் பறவைதானே, போனால் போகட்டும் என்பாரும் உளர். செத்த மாடு நாறாமல், கூலி கேளாமல், காட்டைத் துப்புரவு செய்யும் தொழிலாளி, தோழர்களே, அந்தப் பறவை! 1992க்கும் 2007க்கும் இடையே இந்திய நாட்டில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே மிஞ்சிற்று.

கொன்றது யார்? வேடன் அம்பா? அல்ல! மாட்டின் வலி தீர்க்கப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி! ஊசி போட்ட மாடு மாண்டது. அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டது. 2004இல் இதை மெய்ப்பித்துக் காட்டியவர் லின்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்நடை அறிஞர். ஆய்ந்த இடம் பாகிஸ்தான். தோள் கொடுத்தவை தொண்டு அமைப்புகள்.

2006இல் மைய அரசு கால்நடைக்கு அம்மருந்தைத் தடுத்தது. தீர்ந்ததா தொல்லை? மனிதருக்கென விற்ற பெரிய குப்பி மாட்டுத் தொழுவம் புகுந்தது! அந்தக் குப்பி 3 மில்லியாகச் சுருங்க 2015 ஆயிற்று. கழுகுக்குக் கேடான அசெக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் தடைபட 2023 ஆயிற்று. மெலாக்சிகம் என்னும் தீங்கற்ற மாற்று கையில் இருந்தும் இத்தனை தாமதம்!

ஏன்? காட்டைக் காப்பது ஒரு துறை. மாட்டுக்கு மருத்துவம் பார்ப்பது வேறொரு துறை. மருந்துக் கடையைக் கண்காணிப்பது மற்றொரு துறை. வனக்காவலர் ஆண்டெல்லாம் காத்ததை ஓர் ஊசி ஒரு நாளில் அழித்துவிடும். நூற்றில் ஒன்றுக்கும் குறைவான பிணங்களில் நஞ்சிருந்தாலே கழுகுக் கூட்டம் சரியும் என்பது ஆய்வாளர் கணக்கு.

கூடினால் பயன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2022இல் தமிழக அரசு பாறு கழுகு காக்க மாநிலக் குழு அமைத்தது. அருளகம் போன்ற அமைப்பினர் ஊர் ஊராகச் சென்று மாடு வளர்ப்போரிடம் பேசுகின்றனர். 2023 பிப்ரவரியில் மூன்று மாநிலங்களும் ஒரே நாளில் எண்ணத் தொடங்கின: 246. அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் எண்ணின: 320. தனித்தனியே எண்ணினால் எல்லை தாண்டிய கழுகு இருமுறை கணக்கில் ஏறும். சேர்ந்து எண்ணியதால் அந்தப் பிழை குறைந்தது.

எண்ணக் கூடியவர்கள் ஊசியைத் தடுக்கவும் கூட வேண்டாமா? ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை அது. ஒரு துறையின் கடிதத்துக்கு மறு துறை பதில் எழுதும்வரை அது காத்திருக்காது!