மூளைக்காய்ச்சலுக்கு மருந்து எங்கே?

ஆழியாற்றுப் பாசன வயலில் தண்ணீர் கட்டி நாற்று நட்டதும் கொக்கும் மடையானும் வந்து இறங்கிவிடும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பெருகுவது இந்தப் பறவைகளிடமும் பன்றிகளிடமும்தான். வயல் தண்ணீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது. இந்தியாவில் இந்நோய் முதலில் தெரியவந்ததே நம் வேலூர்ப் பக்கம், 1955-ல்.

"தடுப்பூசிதான் போடுறாங்களேங்க டீச்சர், மருந்து எதுக்குங்க?" என்று ஆனைமலையில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ஊசி நோய் வராமல் காக்கும். வந்துவிட்டால், வலிப்பையும் காய்ச்சலையும் அடக்கலாமே தவிர வைரஸைக் கொல்ல மருந்தில்லை. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால், பேச்சு, படிப்பு என்று ஏதோ ஒன்று போய்விடுகிறது.

மருந்துத் தேடல் பெரும்பாலும் உள்ளங்கை அகலத் தட்டில் தொடங்குகிறது. அதில் ஆறு குழிகள். குழியின் அடியில் குரங்குச் சிறுநீரகச் செல்களைப் பரப்பி, வைரஸை விட்டு, மருந்தைச் சேர்ப்பார்கள். சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றினால் உயிருள்ள செல்கள் நிறம் பிடிக்கும். வைரஸ் தின்ற இடம், பூச்சி அரித்த துணிபோல, ஓட்டை ஓட்டையாக வெளிறித் தெரியும். ஓட்டை குறைந்தால் மருந்து வேலை செய்கிறது.

ரிபாவிரின் இப்படித் தட்டில் தேறிய மருந்துதான். உத்தரப்பிரதேசக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் பலனே இல்லை. வியட்நாமில் இன்டர்ஃபெரானும் அப்படியே ஆனது.

தட்டில் தேறியது ஏன் தோற்கிறது? சிறுநீரகச் செல் மூளைச் செல் ஆகாது. மூளை ரத்தக்குழாய்களின் சுவர்ச் செல்களோ இடைவெளியின்றி இறுகி ஒட்டியவை. பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது. தட்டில் அந்தச் சுவரே கிடையாது. அதனால்தான் இப்போது நுண்துளைச் சவ்வின் மேல் ரத்தக்குழாய்ச் செல்களையும் கீழே நரம்புச் செல்களையும் வளர்த்து, மேலிருந்து மருந்தை விட்டுப் பார்க்கிறார்கள். 2013-ல் வியன்னாவில் மேடலின் லான்காஸ்டர் குழுவினர் மனித ஸ்டெம் செல்லிலிருந்து சில மில்லிமீட்டர் அளவு மூளைத் திசுவையே வளர்த்தார்கள்.

காலமும் ஒரு சிக்கல். மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் மினோசைக்ளின் என்ற மருந்து, வைரஸ் தொற்றிய எலிகளைக் காப்பாற்றியது. அவற்றுக்குத் தொற்றிய மறுநாளே மருந்து கிடைத்தது. குழந்தைக்கோ கொசு கடித்து 5 முதல் 15 நாள் கழித்துத்தான் காய்ச்சலே வரும். பிறகு லக்னோவில் 281 நோயாளிகளிடம் இதே மருந்தை வைத்து நடந்த சோதனையில் உறுதியான பலன் தெரியவில்லை.

அதனால் புது மருந்து பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது, வைரஸ் ஏறி எத்தனை நாள் கழித்து மருந்து கொடுத்தார்கள் என்பதைத்தான்.