வயலுக்கு மேலே 15 அடி... கம்பியின் உயரமும் நம் கவனமும்!

உரத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறோம். விதைக்கும் கூலிக்கும் கணக்கு வைத்திருக்கிறோம். 'உங்கள் வயலுக்கு மேலே போகிற மின்கம்பி தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது?' என்று கேட்டால் மட்டும் நம்மில் பெரும்பாலானவர்களிடம் பதில் இருக்காது. ஆண்டுதோறும் இந்தியாவில் 10,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறப்பதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் சொல்கின்றன. அறுந்த கம்பியை மிதித்தவர்கள், மோட்டார் கொட்டகையில் கை வைத்தவர்கள், தொரட்டியோடு மரத்தடியில் நின்றவர்கள் என்று நம் ஊர்க்காரர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

மின்சாரப் பாதுகாப்புக்கு 1956-ம் ஆண்டு விதிகள்தான் நம் நாட்டில் நீண்ட காலம் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக மத்திய மின்சார ஆணையம் 2010-ல் புதிய ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. அவையும் மாற்றப்பட்டு, 2023 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட ஒழுங்குமுறைகளே இப்போது நடைமுறையில் உள்ளன. 'இதெல்லாம் ஈ.பி. ஆபீஸ்காரர்களுக்கு உரியது' என்று ஒதுக்கிவிடக் கூடாது. நான் வேளாண்மை படித்தவன். மின் பொறியாளன் அல்ல. ஆனாலும், விவசாயி தெரிந்துகொள்ள வேண்டிய பகுதிகள் இதில் பல உண்டு. கம்பியை எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்பது மின்வாரியத்துக்கான விதி. கம்பிக்குக் கீழே என்ன செய்யக் கூடாது என்பது நமக்கான விதி. இரண்டில் எது தவறினாலும் உயிர் போகும்.

கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

* வயல்வெளியில், உறையில்லாத வெறும் கம்பி 11,000 வோல்ட் வரை: குறைந்தது 4.6 மீட்டர், அதாவது சுமார் 15 அடி.
* வயல்வெளியில் 33,000 வோல்ட் கம்பி: 5.2 மீட்டர், சுமார் 17 அடி.
* சாலையின் குறுக்கே, வீட்டு இணைப்புக்கும் மோட்டாருக்கும் வரும் தாழ்வழுத்தக் கம்பி: 5.8 மீட்டர், சுமார் 19 அடி.
* சாலையின் குறுக்கே 11,000 மற்றும் 33,000 வோல்ட் கம்பி: 6.1 மீட்டர், சுமார் 20 அடி.
* கட்டடத்துக்கு மேலே செல்லும் தாழ்வழுத்தக் கம்பி 2.5 மீட்டரும், 11,000 வோல்ட் கம்பி 3.7 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். பக்கவாட்டில் இரண்டுக்குமே 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும்.

இந்த உயரத்தைக் கம்பத்தின் உச்சியில் பார்க்கக் கூடாது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி எங்கே அதிகம் தொய்ந்திருக்கிறதோ, அங்கேதான் பார்க்க வேண்டும். கோடை வெயிலில் கம்பி சூடேறி நீளும், தொய்வும் கூடும். கம்பம் சாய்ந்தாலும், வயலை மேடாக்கினாலும், வரப்பை உயர்த்தினாலும் இடைவெளி குறையும்.

கம்பு, டேப் எதையும் மேலே நீட்டி அளக்கவே கூடாது. தூரத்தில் நின்று, கம்பிக்கு அருகே உள்ள ஒரு ஆளின் உயரத்தோடு ஒப்பிட்டாலே போதும். மூன்று ஆள் உயரம் இருந்தால் ஏறக்குறைய சரி. இரண்டரை ஆள் உயரத்துக்கும் கீழே இருந்தால் உடனே எழுதிக் கொடுங்கள். அதற்கும் கீழே தொங்கினால் யாரும் அருகே போக வேண்டாம்.

15 அடி இருந்தாலும் ஆபத்து உண்டு

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கம்பி முழுக்க விதிப்படியே 15 அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆள் கையை உயர்த்தினால் ஆறரை, ஏழு அடி. அந்தக் கையில் 10 அடி அலுமினியத் தொரட்டி இருந்தால் மொத்தம் 17 அடி. கம்பி 15 அடியில்தான் இருக்கிறது. 20 அடி நீளப் பாசனக் குழாயில் அடைத்த மண்ணைத் தட்டிவிட செங்குத்தாகத் தூக்கினாலும் இதே கதைதான். வைக்கோல் கட்டுகளை உயரமாக அடுக்கிய டிராக்டர், அதன் மேல் உட்கார்ந்து வரும் ஆள், குழாயை உயர்த்தி நெல் கொட்டும் அறுவடை இயந்திரம் ஆகியவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். வெறுங்கையோடு நடந்து போகிற மனிதனுக்குத்தான் 15 அடி பாதுகாப்பு. கையில் கம்போடு வருகிறவனுக்கு அது போதாது. 11,000 வோல்ட் கம்பியில் தொரட்டி படக்கூட வேண்டாம். மிக நெருங்கினாலே மின்சாரம் தாவும்.

அதனால்தான் ஒழுங்குமுறைகள் நம் பக்கத்துக்கும் கட்டுப்பாடு விதிக்கின்றன. பாதுகாப்பு இடைவெளியைக் குறைக்கும் விதமாகக் கம்பிகளுக்குக் கீழேயோ அருகிலோ இரும்புத் தடி, குழாய் போன்றவற்றைக் கொண்டுபோகக் கூடாது. மண்ணையோ பொருள்களையோ குவிக்கக் கூடாது. மரம் வளர்க்கக் கூடாது. 'வேளாண் விளைபொருள்' என்று தனியாகவே குறிப்பிட்டு, அதையும் அடுக்கி வைக்கக் கூடாது என்கிறார்கள். எளிதில் தீப்பற்றும் பொருளை வைக்கவும் தடை, தீ மூட்டவும் தடை. ஆகவே வைக்கோல்போர், களம், நெல் மூட்டை அடுக்கு எல்லாவற்றையும் கம்பிப் பாதையை விட்டுத் தள்ளி அமையுங்கள். கரும்புச் சோகையைக் கம்பிக்குக் கீழே கொளுத்தாதீர்கள். வரப்பில் தென்னங்கன்று வைக்கும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இன்று மூன்றடி கன்று, பத்தாண்டில் கம்பியைத் தொடும். ரெயின் கன் வைத்திருப்பவர்கள் தண்ணீர் கம்பியில் படாதபடி திருப்பி வையுங்கள்.

கம்பிக்கு அருகே மோட்டார் கொட்டகையோ வீடோ கட்டுவதாக இருந்தாலும், இருக்கும் கட்டடத்தை உயர்த்துவதாக இருந்தாலும், மின் வழங்கும் நிறுவனத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

மோட்டார் கொட்டகைக்குள்...

ஃப்யூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா? காப்பாற்றாது. 5 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 7 ஆம்பியர் எடுக்கும். அதற்குப் போட்ட ஃப்யூஸ், அதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் வந்தால்தான் உருகும். ஒரு மனிதனின் இதயத்தை நிறுத்த ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட போதும். ஆள் இறந்தாலும் ஃப்யூஸுக்குத் தெரியாது. அது ஒயரையும் மோட்டாரையும் காக்க வந்த பொருள்.

ஆளைக் காப்பது மின்கசிவுத் தடுப்பான். கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் தருவார்கள். சிறிய ஒருமுனை இணைப்புகள் நீங்கலாக மற்ற இணைப்புகளுக்கு இது கட்டாயம். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர், மற்ற இணைப்புகளுக்கு 100 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத அளவில் இருக்க வேண்டும். நம் மும்முனைப் பம்ப்செட்டுகளும் இதில் அடங்கும். மாதம் ஒருமுறை அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள்; உடனே விழுந்தால் நல்ல நிலையில் இருக்கிறது.

மும்முனை மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும். ஒரே கம்பியை இரண்டு இடத்தில் முறுக்கிவிட்டால் அது இரண்டு எர்த் ஆகாது. கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். கொட்டகையின் வயரிங் வேலையை உரிமம் பெற்றவரிடம் மட்டுமே கொடுங்கள்.

டிரான்ஸ்பார்மரில் ஃப்யூஸ் போனால் நாமே ஏறிப் போடும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் உண்டு. ஒரு பேஸ் போய்விட்டது, அந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நினைப்பார்கள். மற்ற இரண்டு பேஸில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் வழியாக அந்தக் கம்பிக்கும் மின்சாரம் திரும்பி வரும். ஏற வேண்டியவர் மின்வாரியப் பணியாளர். அவரும் இணைப்பை முறைப்படி துண்டித்த பிறகுதான் ஏறுவார்.

கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*வயலில் கம்பி தாழ்ந்து கிடக்கிறது. வாய்மொழியாகச் சொல்லியும் பலனில்லை. என்ன செய்வது?*

எழுத்தில் கொடுங்கள். கம்ப எண், உங்கள் மின் இணைப்பு எண், தள்ளி நின்று எடுத்த புகைப்படம், 'விதிப்படி 4.6 மீட்டர் இருக்க வேண்டும்' என்ற வரி ஆகியவற்றோடு பிரிவு அலுவலக உதவி மின்பொறியாளரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 'மின்னகம்' எண் 94987 94987-லும் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனுவின் நகலோடு வாருங்கள்.

*கம்பி அறுந்து விழுந்து கிடந்தால்?*

பத்து மீட்டருக்குள் யாரையும் விடாதீர்கள். ஈர நிலத்தில் இன்னும் தள்ளியே நிற்க வேண்டும். ஏற்கெனவே அருகில் இருந்தால் அகலமாக அடி எடுத்து வைக்காமல், இரண்டு பாதங்களையும் சேர்த்துச் சிறு சிறு தத்தலாக விலகுங்கள். டிராக்டர் மேல் கம்பி விழுந்தால் ஓட்டுநர் இருக்கையிலேயே இருப்பதுதான் நல்லது. தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு கால்களையும் சேர்த்துக் குதிக்க வேண்டும்.

*மாட்டை ஸ்டே கம்பியில் கட்டலாமா?*

கூடாது. ஸ்டே கம்பிக்கு எர்த் இணைப்போ, தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் பீங்கான் காப்போ இருக்க வேண்டும் என்பது விதி. காப்பு உடைந்திருந்தால் கீழேயிருந்து நமக்குத் தெரியாது. மின்சாரத்தால் மாடு இறந்துவிட்டால், உடலை அகற்றும் முன் மின் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் உடற்கூறாய்வுச் சான்று பெறுங்கள். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, கால்நடை இறப்பும் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டிய விபத்துதான்.

*காட்டுப்பன்றிக்கு மோட்டார் லைனிலிருந்து வேலிக்கு மின்சாரம் கொடுக்கலாமா?*

கூடவே கூடாது. அது குற்றம். பன்றிக்குப் போட்ட வேலியில் இரவுக் காவலுக்கு வந்த பக்கத்து வயல்காரர் சிக்கினால், போன உயிருக்கு நீங்கள்தான் பொறுப்பு. விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் சூரியசக்தி வேலியே வழி. அதற்கும் தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டு விதிகள் உள்ளன. காட்டையொட்டிய நிலம் என்றால் வேலி போடும் முன் வனத்துறையை அணுகுங்கள்.

அறுவடைக்கு இயந்திரம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வயலை ஒருமுறை சுற்றி வாருங்கள். தாழ்ந்த கம்பி, சாய்ந்த கம்பம் இருந்தால் அன்றே மனு கொடுங்கள். இயந்திரம் இறங்கும் நாளில், கம்பி போகும் பாதையை ஓட்டுநரிடம் கையால் காட்டிச் சொல்லுங்கள். அவர் வெளியூர்க்காரராக இருப்பார். உங்கள் வயலின் கம்பி உங்களுக்குத்தான் தெரியும்.